புறப்பாடு எந்தப் பக்கம்?

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். லிப்ட் எங்கே இருக்கிறது, வீல்சேரை எப்படி மடிப்பது, வாக்கிடாக்கியில் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அதில் எனக்கே இன்னும் இரண்டு சந்தேகம் இருக்கிறது. ஆகவே அதை விட்டுவிட்டு எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதிலிருந்து என்ன பாடம் எடுத்துக்கொள்வது என்று கேட்டால் இன்றுவரை குழப்பம்தான். ஒருநாள் ஒன்று சரி என்று படும், மறுநாள் வேறொன்று. நீங்களாவது ஒரு முடிவுக்கு வாருங்கள்.

நான் பாலக்கரைக்காரன். பெயர் ராஜாங்கம். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதினேன், ரிசல்ட் பார்க்கப் போகவில்லை. பெயில் என்று போட்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம். பாஸா பெயிலா என்பது இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஆள் ஏர்போர்ட்டில் இத்தனை வருஷம் எப்படிக் காலம் தள்ளினான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொள்வதுண்டு.

நம் ஏர்போர்ட்டில் நான் மூன்று கட்டடம் பார்த்துவிட்டேன். முதல் கட்டடத்தில் டிராலி சேகரிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய கல்யாண மண்டபம் அளவுதான் இருக்கும். மெட்ராஸ் விமானம், கொழும்பு விமானம், அவ்வளவுதான் பிரமாதம். மேலே சத்தம் கேட்டதும் டீ டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தால் போதும், நேரம் சரியாக இருக்கும். விமானம் ஏறுகிறவர்களைவிட வேலி ஓரமாக நின்று விமானம் பார்க்கிறவர்கள் அதிகம். இப்போது அந்தக் கட்டடத்துக்குள் சரக்குப் பெட்டிகள்தான் போய் வருகின்றன.

இரண்டாவது கட்டடம் வந்தபோது சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று கூடிவிட்டது. ஒருத்தர் வெளிநாடு போவார், வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஜனம் வரும். பெட்டி எடை கூடிப்போய் வாசலிலேயே உட்கார்ந்து திறப்பார்கள். ஊறுகாய் ஒரு பக்கம், முறுக்கு ஒரு பக்கம், அம்மா அழுவது ஒரு பக்கம். அந்தக் கட்டடத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. வருகைக் கதவும் புறப்பாட்டுக் கதவும் பக்கத்துப் பக்கத்தில். யாராவது தப்பான கதவில் நின்றால், 'இந்தாங்க, இந்தப் பக்கம்' என்று கையைத் தட்டிக் கூப்பிட்டால் முப்பது அடி நடந்து வந்துவிடுவார். தீர்ந்தது.

மூன்றாவது கட்டடத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். வருகிறவர்களுக்குக் கீழே, போகிறவர்களுக்கு மேலே. மேலே கார் போவதற்குத் தனிப் பாலம். சுவரெல்லாம் சித்திரம், கண்ணாடியெல்லாம் வெளிச்சம். ஏர்போர்ட் வளர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். என் அறிவுக்கு எட்டிய வளர்ச்சி இதுதான்: முன்பு ஒரு தப்பு முப்பது அடி நீளம். இப்போது அதே தப்பு ஒரு மாடி உயரம், ஒரு பாலம் நீளம்.

அங்கே மாறிய புதிதில் நான் வீல்சேர் உதவி ஆள். வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டடத்தைப் படமாக வரைந்து மனப்பாடம் செய்துகொண்டு போவேன். அங்கே போய்ப் பார்த்தால் படத்தில் இடதுகைப் பக்கம் இருப்பது நேரில் வலதுகைப் பக்கம் இருக்கும். போதாததற்குக் காண்டிராக்டும் புதிது. பத்தாவது பாஸ் செய்யாத பழைய ஆட்களை மூன்று மாதம் பார்ப்பார்கள், ஒரு புகார் வந்தாலும் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. பேச்சுதான், யாரும் தாளில் காட்டவில்லை. தாளில் காட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

அப்படியிருந்த ஒரு நாள், பகல் மணி பத்து ஐம்பது. கீழ்த்தளத்து வாசலில் நிற்கிறேன். ஆட்டோவிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வருகிறார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பஞ்சகச்சம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று திருமண், தோளில் மஞ்சள் துணிப்பை. ஸ்ரீரங்கத்துக்காரர் என்று கேட்காமலே தெரிந்தது.

"ஏம்ப்பா, பதினொண்ணரைக்குப் புறப்பாடுன்னா. எங்கே நிக்கணும்?"

பதினொன்றரைக்கு விமானம் என்றால் கவுண்டரை இந்நேரம் மூடிக்கொண்டிருப்பார்கள். மனுஷர் இப்போதுதான் நிதானமாக வந்து இறங்குகிறார்.

"பதினொண்ணரையா? மணி பத்து அம்பது ஆச்சே சாமி! மேலதான் போகணும்!"

"மேலேயா? கீழேதான்னு ஆட்டோக்காரன் சொன்னானே."

"அவனுக்கு என்ன தெரியும் சாமி? வாங்க வாங்க, உட்காருங்க."

வீல்சேரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு லிப்டுக்கு ஓடினேன். லிப்டில் அவர் கேட்டார்:

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குமோ?"

"இன்னிக்குப் பரவாயில்ல சாமி."

"முன்னாடி நின்னா நன்னாத் தெரியும்."

முதல் தடவை பறக்கப் போகிறார், ஜன்னல் சீட் ஆசை என்று நினைத்துக்கொண்டேன். "கவுண்டர்ல கேளுங்க சாமி, கொடுப்பாங்க" என்றேன்.

"என்ன கொடுப்பா? கோயில்ல மாதிரி தீர்த்தமா, சடாரியா?" என்று அவர் சிரித்தார். எனக்குப் புரியவில்லை. பெரியவர் சிரிக்கிறாரே என்று நானும் சிரித்துவைத்தேன்.

மேலே முதல் கதவில் கொண்டுபோய் நிறுத்தி, "டிக்கெட்டைக் கையில எடுத்துக்கிட்டு உள்ளே போங்க சாமி" என்றேன்.

"நான் எதுக்கு உள்ளே? இங்கேயே இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து வாக்கிடாக்கி கூப்பிட்டது. கீழே இரண்டு வீல்சேர் வேண்டுமாம், உடனே. டிக்கெட் வைத்திருக்கிற ஆள் பின்னால் வருகிறார் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "ஆள் வருவாங்கல்ல சாமி?" என்று கேட்டேன். "வருவா, வருவா" என்றார். கதவுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். தலைக்கு மேலே 'புறப்பாடு' என்று கொட்டை எழுத்தில் போர்டு. அவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். நான் கீழே ஓடிவிட்டேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஸ்ரீரங்கத்தில் புறப்பாடு என்றால் என்ன? பெருமாள் கோயிலுக்குள்ளிருந்து வெளியே எழுந்தருள்வது. உள்ளிருந்து ஒருவர் வெளியே வருவதைப் பார்க்கக் காத்து நிற்கிற ஜனத்துக்குப் புறப்பாடு என்றால் வருகைதான். பெரியவரின் மகள் சிங்கப்பூரிலிருந்து பதினொன்றரை விமானத்தில் வருகிறாள். அவள் வெளியே வருவதைப் பார்க்க எங்கே நிற்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். 'முன்னாடி நின்னா நன்னாத் தெரியும்' என்றது மகளின் முகத்தை.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. நான் என்ன வெளிநாட்டுக்காரனா? வருஷா வருஷம் வைகுண்ட ஏகாதசிக்குப் பாலக்கரையிலிருந்து போய்க் கூட்டத்தில் நெருக்கியடித்து நின்று, 'புறப்பாடு ஆயிடுச்சா, புறப்பாடு ஆயிடுச்சா' என்று நானே நாலு பேரிடம் கேட்டவன். அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தம் எனக்குத் தெரியும். யூனிபாரம் போட்டுக்கொண்டால் மறந்துபோகிறது.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு பெண் வருகைக் கதவிலிருந்து வெளியே வந்து அங்குமிங்கும் பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். ஒரு பெட்டி, தோள்பை. போன் பண்ணினாள், காதில் வைத்தபடி நின்றாள், முகம் மாறியது. உதவி மேஜைக்கு வந்தாள். மேஜையில் எங்கள் டூட்டி மேனேஜர் மேடம் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மேடம் என்றே எழுதுகிறேன்.

"அப்பா என்னை அழைச்சுண்டு போக வந்திருக்கணும். போனை ஆத்துல அலமாரியிலேயே வச்சுட்டு வந்துட்டாராம். ஒன்பதரைக்கே கிளம்பிட்டார்னு அம்மா சொல்றா. எங்கேயும் காணோம்."

"வந்துடுவாங்கம்மா, டிராபிக்கா இருக்கும்" என்றார் மேடம்.

"இல்லை மேடம், இன்னிக்கு ஏகாதசி. அவர் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டார். ஆனா சுகர் மாத்திரையை மட்டும் வேளை தப்பாமப் போட்டுண்டுடுவார். போன வருஷம் இப்படித்தான் நடுத்தெருவுல மயங்கி விழுந்தார். பன்னெண்டு மணி தாண்டினாலே அவருக்குத் தள்ளாது." போனில் மணியைப் பார்த்துக்கொண்டாள். "பஞ்சகச்சம் கட்டிண்டிருப்பார். மஞ்சள் துணிப்பை."

மேடம் என் பக்கம் திரும்பினார். "ராஜாங்கண்ணே, காலையிலேருந்து நீங்கதானே இந்த வாசல்ல? பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்" என்றேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக் கேட்டாள்: "நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணா. இந்தப் பக்கம் வரவே இல்லையா?"

"வரலம்மா. வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

பொய் சொல்வோம் என்று தீர்மானித்துச் சொன்னதில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. ஒரு புகார், மூன்று மாதம், பத்தாவது பாஸ் இல்லை, இந்த மூன்றும் சேர்ந்து என் வாயால் பேசின. அதோடு மனசுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. மேலே ஓடிப்போய் அவரை அழைத்துக்கொண்டு வந்து, 'இதோ இருக்காரு பாருங்க' என்று நிறுத்திவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிஷ வேலை. இந்த ஐந்து நிமிஷக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், தம்பிகளா, தங்கைகளா. நான் நம்பிப் போனேன்.

மேலே நாற்காலி காலியாக இருந்தது.

கதவில் காவல் நின்ற ஜவானிடம் கேட்டேன். அவர் இப்போதுதான் டூட்டி மாறி வந்தவர். அவருக்கு ஹிந்தி, எனக்குத் தமிழ். பஞ்சகச்சத்தை அவருக்குக் கையால் அபிநயம் பிடித்துக் காட்டினேன். அவர் டாய்லெட் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இல்லை. இரண்டாவது கதவு, மூன்றாவது கதவு, டீ விற்கிற இடம், எங்கும் இல்லை. வெயில் அடிக்கிறது. எனக்கு முதுகெல்லாம் ஈரம். மறுபடி கீழே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினேன். லிப்டுக்குப் பக்கத்துப் படிக்கட்டு என்றுதான் நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் அடிக்கதவு திறக்கவில்லை. மேலே ஏறிவந்தால் நான் வந்த கதவும் உள்பக்கமிருந்து திறக்கவில்லை. நெருப்புக்கிருப்புப் பிடித்தால் மட்டும் பயன்படுத்துகிற வழி போலிருக்கிறது. காலண்டர் தாளில் நான் வரைந்த படத்தில் அப்படியொரு படிக்கட்டே கிடையாது.

உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இடுப்பில் வாக்கிடாக்கி பேசிக்கொண்டே இருக்கிறது.

"கார் நிறுத்துற இடம் பார்த்தாச்சு, இல்ல."

"கீழ்த்தளத்து டாய்லெட் பாருங்க."

"ஆட்டோ ஸ்டாண்டுல விசாரிச்சாச்சா? ஏர்போர்ட்டுக்கே வரலையோ என்னமோ. ரோட்டுல எங்கேயாவது இறங்கியிருப்பாரு. டோல்கேட் பக்கம் ஆள் அனுப்பலாமா?"

எட்டுப் பேர் தேடுகிறார்கள். எட்டுப் பேரும் கீழே தேடுகிறார்கள். நான் சொன்ன 'இல்ல' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பான இடத்தில் சல்லடை போடுகிறார்கள். அவர் மேலே வந்தார் என்பது இந்தக் கட்டடத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தன் படிக்கட்டில் அடைபட்டு நிற்கிறான்.

பொத்தானை அமுக்கினேன், விட்டேன். மறுபடி அமுக்கினேன், விட்டேன். வாக்கிடாக்கியில் பேசினால் மேடம் மட்டுமா கேட்பார்? ஊரே கேட்கும். தனியாகப் போய் மேடத்தின் காதில் சொல்லலாம் என்றால் கதவு திறக்கவில்லை. கதவு திறந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பின்னால் பலநாள் யோசித்திருக்கிறேன். இன்னொரு தரம் தேடிப் பார்ப்போம், இன்னும் ஐந்து நிமிஷம், என்றுதான் போயிருப்பேன். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அந்தக் கதவுதான் என்னைப் பேச வைத்தது.

"மேடம்... ராஜாங்கம். அவர் மேல வந்தாரு மேடம். நான்தான் பத்து அம்பதுக்கு மேல கூட்டிட்டுப் போயி உட்கார வச்சேன். போற ஆளுன்னு நெனச்சிட்டேன். இப்ப அங்க இல்ல."

மேடத்தின் குரல் வந்தது.

"எந்தக் கதவுண்ணே?"

"முதல் கதவு மேடம். மேடம், நான் வேணும்னு..."

"அதெல்லாம் அப்புறம். நடக்கிற நிலைமையில இருந்தாரா?"

"நல்லாத்தான் இருந்தாரு மேடம். சிரிச்சாரு."

"சரி. கேமராவுல மேல்தளம் முதல் கதவு, பதினொண்ணுலேருந்து ஓட்டுங்க. எல்லாரும் மேல வாங்க. ராஜாங்கண்ணே, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"தெரியல மேடம்."

"என்னது?"

"ஏதோ படிக்கட்டு மேடம். கதவு தொறக்க மாட்டேங்குது."

யாரோ ஒருவன் வாக்கிடாக்கியில் பக்கென்று சிரித்துவிட்டான். "முதல்ல ராஜாங்கண்ணனைத் தேடுவோமா மேடம்?" என்று இன்னொரு குரல். மேடம் ஒரு அதட்டு அதட்டினார். எல்லாம் அடங்கியது. நான் கதவைத் தட்டிய சத்தம் கேட்டு எங்கள் ஆட்களில் ஒரு பெண் வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மேடம் இதை ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். திட்டு ஒன்றுமே இல்லை. மூன்றே வரி. பத்து ஐம்பதுக்கு மேல்தளத்துக்குத் தவறாக அழைத்துச் சென்றார். பன்னிரண்டு பத்துக்குப் பார்க்கவில்லை என்றார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு உண்மையைச் சொன்னார். "மூணாவது வரி இருக்கிறதாலதான் நீங்க நாளைக்கு வேலைக்கு வர்றீங்கண்ணே. ரெண்டாவது வரியை அழிக்கச் சொல்லிக் கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. வேலையும் போகவில்லை, ஓய்வு பெறுகிறவரை அங்கேதான் இருந்தேன். முதல் வரிக்கு மருந்து சுலபம். யார் வந்து என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாலும், 'நீங்க ஊருக்குப் போறீங்களா, இல்ல ஊர்லேருந்து யாராச்சும் வர்றாங்களா?' என்று ஒன்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது வரிக்கு என்ன மருந்து என்றுதான் எனக்கு விளங்கவில்லை. பயப்படாதே என்று சொல்லலாம். பயம் சொன்னால் கேட்கிற சாமானா? பயம் இருந்தபோதே சொல்லத்தானே வேண்டியிருந்தது?

பெரியவர் கதைக்கு வருகிறேன். கேமராவில் பார்த்தார்கள். நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கதவுக்குள் எல்லோரும் போகிறார்களே தவிர ஒருத்தரும் வெளியே வரவில்லை. எழுந்து ஜவானிடம் ஏதோ கேட்கிறார். ஜவான் ஏதோ சொல்கிறார். இவர் பாலத்துச் சுவர் ஓரமாக நடக்க ஆரம்பிக்கிறார். பாதிப் பாலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கிறது. நாலைந்து பேர் இறங்கி அவரைத் தூக்கி உள்ளே ஏற்றுகிறார்கள். வேன் போய்விடுகிறது.

அந்தப் படத்தை மேடம் இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். வேன் எங்கே போனது? ஆஸ்பத்திரிக்கா, ஊருக்கா? ரோட்டில் இறங்கிவிட்டால் எங்கே பிடிப்பது? அப்புறம் வண்டிகள் வெளியே போகிற வாசலில் நின்றவர், வெளியே போன வண்டியில் அப்படியொரு வேன் இல்லை என்றார். அப்படியானால் கார் நிறுத்துகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அங்கே பார்த்துவிட்டு 'இல்ல' என்று சொன்னபோது வேன் இன்னும் மேலே இருந்திருக்கிறது.

ஓடினோம். கடைசி வரிசையில் மரநிழலில் நின்றது அந்த வேன். உப்பிலியபுரத்து ஜனம். மகனைக் குவைத்துக்கு ஏற்றிவிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். வேன் சீட்டில் பெரியவர் சாய்ந்து கிடந்தார். முகமெல்லாம் வேர்வை, கண் மட்டும் திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா வாழைப்பழத்தை உரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய கண். மகனை அனுப்பிய அம்மா அவர்தான்.

"தின்னுங்க சாமி."

"இன்னிக்கு ஏகாதசிம்மா."

"ஏகாதசிக்குச் சோறுதானே ஆகாது? பழம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"துவாதசிக்குத்தான் நான் வாயைத் திறக்கறது. அம்பது வருஷமா அப்படித்தான்."

"நாளைக்கு வாயைத் தொறக்க இன்னிக்கு உசுரு வேணும்ல? உங்க பெருமாளே இங்க வந்தா, தின்னுடான்னுதான் சொல்வாரு."

"அவர் வந்து சொல்லட்டும்."

"அவரு எங்க வர்றது, படுத்தே கெடக்குறவரு. நான் சொல்றேன், தின்னுங்க. எம்புள்ளையும் இப்படித்தான் முரண்டு பிடிப்பான். சொன்ன பேச்சு கேக்க மாட்டான்." சொல்லிக்கொண்டே அந்த அம்மாவுக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. பெரியவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். ஒரு பழம், இன்னொரு பழம், அதன்மேல் சர்க்கரை கரைத்த தண்ணீர். கால் மணியில் முகம் தெளிந்தது.

மேடம் குனிந்து கேட்டார்: "ஐயா, மகளை அழைக்க வந்தவர் மேல எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"புறப்பாடுன்னு போட்டிருந்ததே. எங்களுக்குப் புறப்பாடுன்னா உள்ளேருந்து வெளியில வர்றது. உங்களுக்கு வெளியிலேருந்து உள்ளே போறதா?"

இன்றைக்கும் அந்தப் போர்டைப் பார்த்தால் அவர் கேட்டதுதான் சரி என்று படுகிறது.

அதற்குள் மகள் ஓடிவந்துவிட்டாள். வைதேகி என்று பெயர். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா இப்படிப் பண்றேள், ஏம்ப்பா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் நாலு பேருக்குப் பின்னால் நின்றேன். அப்படியே நழுவிவிடலாம் என்றுதான் பார்த்தேன். பெரியவர் கண்ணில் பட்டுவிட்டேன்.

"இதோ இருக்காரே! வைதேகி, இவருக்கு ஒரு நமஸ்காரம் சொல்லு. காலம்பற வந்து இறங்கினதும் என்னை உட்கார வச்சுத் தள்ளிண்டு போய், நல்ல இடமாப் பார்த்து உட்கார வச்சார். ரொம்ப மரியாதையான மனுஷர்."

அவள் திரும்பினாள். நன்றி சொல்லத்தான் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே நின்றது.

"நீங்க பார்க்கலைன்னு சொன்னேளே."

நான் வேன் சக்கரத்தைப் பார்த்தேன்.

"வரவே இல்லையான்னு ரெண்டாம் தரம் கேட்டேனே. வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்னு சொன்னேளே."

"பார்த்தேன்ம்மா. நான்தான் மேல கூட்டிட்டுப் போனேன். வேலை போயிடும்னு பயந்து..."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "நீங்க சொன்னதை நம்பி அம்மாகிட்ட, அப்பா இங்கே வரவே இல்லையாம்னு சொல்லிட்டேன். அம்மா கதவைப் பூட்டிண்டு காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிட்டா. அப்பா தினமும் காலம்பற அங்கேதான் ஸ்நானம். அங்கே நின்னுண்டு வரவா போறவா எல்லார்கிட்டயும் கேட்டுண்டிருக்கா."

காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்த மாதம் அது. நான் சொன்ன ஒரு சொல் ஏர்போர்ட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஆற்றங்கரை வரைக்கும் போயிருக்கிறது. எட்டுப் பேர் தப்பான இடத்தில் தேடினார்கள் என்று எண்ணியிருந்தேன். ஒன்பது பேர்.

வைதேகி போனில் எண்ணைத் தட்டினாள். அப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்த போனைத்தான் அவளுடைய அம்மா கையில் வைத்திருந்தார்கள். மணி அடிப்பது கேட்டது. வைதேகி போனைக் காதில் வைக்கவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்கோ."

மேடம் தடுக்கவில்லை. நான் வாங்கிக் காதில் வைத்தேன். தண்ணீர் சத்தம், யாரோ சங்கல்பம் சொல்கிற சத்தம், ஜனம் பேசுகிற சத்தம். அதற்கு நடுவே மூச்சு வாங்குகிற ஒரு குரல்: "ஹலோ, வைதேகியா? இங்கே ஒருத்தரும் பார்க்கலைங்கறாடி..."

"அம்மா, ஏர்போர்ட்லேருந்து பேசறேன். ஐயா இங்கதாம்மா இருக்காரு. நல்லா இருக்காரு. பழம் சாப்பிட்டாரு."

போனில் அந்தக் குரல் உயர்ந்தது.

"நிஜமாவா சொல்றேள்? பெருமாளே... அங்கே வரவே இல்லைன்னு சொன்னாளே. யாரு அப்படிச் சொன்னது?"

"நான்தாம்மா" என்றேன்.